ஆறாயிரம் சுற்றில் திணறும் கார்

மலேசியாவில், மலாக்காவின் அலோர் காஜா மாவட்டத்தைச் சேர்ந்த பெகோவில், ஹோண்டா கார்த் தொழிற்சாலை 2003 முதல் இயங்குகிறது. அங்கிருந்து வரும் காரில் கோளாறு வந்தால், பட்டறையில் கணினியைச் சொருகியதும் பெரும்பாலும் ஒரு குறியீடு வந்துவிடும். கேம், கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றிய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அந்த வசதி இல்லை. கேட்டறியும் வேலை முழுக்க போர்மனுடையது.

கார்ப் பிரியர்கள் போற்றும் டொயோட்டா ஏஇ86-ஐ எடுத்துக்கொள்வோம். 1983-இல் வந்த இந்தக் காரின் 4ஏ-ஜிஇ இஞ்சின் 1,587 சிசி, இரட்டை கேம், 16 வால்வு. ஜப்பானில் அறிவிக்கப்பட்ட 130 குதிரைத்திறன் கிடைப்பது நிமிடத்துக்கு 6,600 சுற்றில். அந்த உயரத்துக்குப் போகவே உருவான இஞ்சின், 5,500-இலேயே சோர்ந்துபோனால் உரிமையாளர் பதறுவது நியாயம்தான். பிளக்கை மாற்றுவார், காயிலை மாற்றுவார், பணம் கரையும், சோர்வு மட்டும் அப்படியே இருக்கும்.

சக்தி என்பது முறுக்குவிசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வருவது. சுற்று கூடக்கூட, ஒவ்வொரு வேலைக்கும் கிடைக்கும் நேரம் சுருங்குகிறது. 6,000 சுற்றில் பிஸ்டன் காற்றை உள்ளிழுக்கும் வீச்சுக்கு 5 மில்லிவிநாடிதான். நான்கு சிலிண்டருக்கும் ஒரே காயில் என்றால் அது விநாடிக்கு 200 முறை பொறி தரவேண்டும். வால்வு ஸ்பிரிங் படும் பாடு இன்னும் கடுமை: வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப விசை உயர்வதால், 6,000-இலிருந்து 7,000-க்குப் போனாலே 36 விழுக்காடு கூடுகிறது. தளர்ந்த ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மூட முடியாது. 3,000 சுற்றில் இந்தக் குறை எதுவும் வெளியே தெரியாது.

எந்த உதிரிபாகத்தையும் வாங்குமுன் கேட்க வேண்டியது ஒன்று: எந்த கியரில் திணறுகிறது? முதல் கியரில் உச்சிவரை துள்ளிப் போய், மூன்றிலும் நான்கிலும் சில விநாடி கழித்து மட்டும் தொய்ந்தால், பெட்ரோலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முதல் கியர் சட்டென முடிந்துவிடுவதால் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலே போதும். நான்காவதில் அது தீர்ந்துபோகிறது, பம்பால் ஈடுகொடுக்க முடிவதில்லை. 130 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 650 மில்லிலிட்டர் வேண்டும். பம்ப் ஒரு நிமிடத்தில் எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்தாலே பாதி விடை கிடைக்கும். இஞ்சின் ஆறியபிறகு, தீப்பொறி எட்டாத இடத்தில் அளப்பது அவசியம். அடைத்த வடிகட்டி, துருப்பிடித்த தொட்டி, காற்றுப் போகாத தொட்டி மூடி ஆகியவையும் இதே அறிகுறியைக் காட்டும்.

எல்லா கியரிலும் ஒரே சுற்றில் நின்றால் விசாரணை வேறு பக்கம் போகவேண்டும். கியரை விடுவித்து இஞ்சினை மெல்ல ஏற்றிப் பார்க்கலாம். அப்போதும் அதே சுற்றில் தடுமாறினால் ஸ்பிரிங் மேல் சந்தேகம் வலுக்கும். சுமை ஏறும்போது மட்டும் வெட்டி வெட்டி இழுத்தால் காயிலையும் பிளக் வயரையும் பார்க்கலாம், ஏனெனில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி தாவுவதற்கு அதிக மின்னழுத்தம் தேவை. வெட்டாமல் சீராகத் தேய்ந்துபோகும் சக்தி, பெரும்பாலும் காற்றோட்டத் தடையைக் காட்டும்.

கார்புரேட்டருக்கு மாற்றாமல் இன்ஜெக்ஷனோடேயே இருக்கும் பழைய 4ஏ-ஜிஇயில் டி-விஸ் என்றொரு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்குமான இரண்டு காற்றுப் பாதைகளில் ஒன்றை அது குறைந்த வேகத்தில் மூடி, நாலாயிரத்துச் சொச்சம் சுற்றில் திறக்கும். கரி படிந்து அந்தத் தகடு இறுகிவிட்டால் இஞ்சின் பாதி வழியில்தான் மூச்சுவிடும். என் பார்வையில், புது கேமுக்குச் செலவழிக்குமுன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கேம் ஏற்கெனவே மாற்றியிருந்தால் அதன் டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும். ஒரு பல் தவறிய பெல்ட்டும் உச்சிச் சக்தியைத் தின்றுவிடும். எதையும் முடிவுசெய்யும்வரை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிப்பது ஆபத்து. முழுச் சுமையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 12.5 முதல் 13 பங்கு காற்று இருப்பது நல்லது. பெட்ரோல் குறைந்து இந்த எண் வெகுவாக ஏறினால் வெடிப்பதிர்வு தொடங்கி, பிஸ்டன் உருகவும்கூடும்.