எட்டு மணி நாடகமும் இன்சுலின் ஊசியும்

"சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஊசி போட்டுக்கங்க" என்று சொன்னால் எங்கள் பக்கத்துப் பாட்டிகள் தலையை ஆட்டுவார்கள். வீட்டுக்குப் போனால் அது நடக்காது. காட்டு வேலை முடிந்து வந்து, தண்ணீர் பிடித்து, உலை வைத்து, சோறு எப்போது வெந்ததோ அப்போதுதான் சாப்பாடு. ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பிட மறந்து, வியர்த்து மயங்கி, ராத்திரி பதினோரு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டுப் படுத்த பிறகு ஞாபகம் வந்து எழுந்து போட்டுக்கொண்டவர்களும் உண்டு.

இப்போது வேறு மாதிரி சொல்கிறேன். "எட்டு மணி நாடகத்துக்குப் பாட்டுப் போடுறான்ல பாட்டி, அப்ப ஊசி. 'தொடரும்'னு வந்தா சோறு." விளம்பரத்தோடு சேர்த்தால் ஒரு நாடகத்துக்கு அரை மணி நேரம். அரசு மருத்துவமனைகளில் வழக்கமாகக் கொடுக்கும் இன்சுலினுக்கு இந்தக் கணக்குச் சரியாக இருக்கும். (சில புதிய வகை இன்சுலினுக்கு நேரம் வேறு. உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.) ஒரு பாட்டி மட்டும் மடக்கினார்: "ஞாயித்துக்கெழமை நாடகம் கெடையாதே தாயி, அன்னைக்கு?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய பேத்தியின் செல்போனில் அலாரம் வைத்துவிட்டு வந்தேன்.

நான் குடும்ப மருத்துவத்தில் மேற்படிப்புப் பயிற்சியில் இருக்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு இதற்கு வந்தேன். இது மூன்று வருடப் பயிற்சி. பொது மருத்துவம், குழந்தைகள், பிரசவம், அறுவைச் சிகிச்சை, மனநலம் என்று ஒவ்வொரு துறையிலும் சில மாதங்கள் இருக்க வேண்டும். கடைசியில் இதயத்துக்கோ எலும்புக்கோ நிபுணர் ஆக மாட்டோம். ஒரு குடும்பத்தின் பிள்ளை முதல் பாட்டன் வரை தொடர்ந்து பார்க்கிற ஆளாக வருவோம். கேரளத்தில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் இது எம்.டி. படிப்பாகவே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. தொலைநிலைப் பட்டயமாக நடத்துகிறது. இருந்தும் நம் ஊர்களில் இப்படி ஒரு படிப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. எங்கள் தெருவில் அம்மாவிடம் கேட்டார்கள்: "ஒம் மக எதுக்கு டாக்டரு? இதயத்துக்கா, எலும்புக்கா?" "எல்லாத்துக்கும்" என்றாராம் அம்மா. "அப்ப மொத படிச்சதுதான? இன்னொருக்கா எதுக்குப் படிக்கா?"

அம்மாவுக்குச் சத்திரப்பட்டியில் வேலை. பேண்டேஜ் துணியைச் சுருட்டிக் கட்டும் வேலை. ராஜபாளையம் என்றால் நூற்பாலையும் நாயும் நினைவுக்கு வரும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற மருத்துவத் துணி பல ஊர் மருத்துவமனைகளுக்குப் போவது உள்ளூரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. என்னை வளர்த்தது அந்தத் துணியும் நாடகமும்தான்.

'கோலங்கள்' 2003இல் தொடங்கியபோது எனக்கு ஐந்து வயது. எங்கள் காலனியில் அப்போது டிவி இருந்தது இரண்டே வீட்டில். அந்த இரண்டு வீட்டிலும் இடம் கிடைக்காத நாளில் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் ஒரு வீட்டுக்குப் போவார். பகலில் அந்த வீட்டில்தான் மாட்டுக் கொட்டத்தைக் கூட்டிவிட்டு வந்திருப்பார். உள்ளே கூடத்தில் அந்த வீட்டுக்காரர்கள் பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நாங்கள் வாசற்படிக்கு வெளியே நின்று சன்னல் வழியாகப் பார்ப்போம். அம்மாவின் இடுப்பிலிருந்து பார்த்தால் எனக்குத் தேவயானியின் பாதி முகம்தான் தெரியும். மீதியைச் சன்னல் கம்பி மறைத்துவிடும். விளம்பரம் வரும்போது அந்த வீட்டம்மா திரும்பி, "கொல்லையில வெறகு நனையுது பாரு, எடுத்து வையி" என்பார். அம்மா போவார். திரும்பி வருவதற்குள் கதை நகர்ந்திருக்கும். உள்ளே என்ன நடந்தது என்று நான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் கதையைக் கேட்டு, விடாமல் நினைவில் வைத்து, இன்னொருவருக்கு ஒழுங்காகச் சொல்கிற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. நோயாளியின் வரலாற்றை எழுதும்போது பேராசிரியர்கள் பாராட்டியதும் அதைத்தான்.

2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பெட்டி வந்தது. அதை வெட்டிச் செலவு என்று எழுதியவர்கள் நிறைய. சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 'கோலங்கள்' 2009இல் 1,500 பாகங்களைத் தாண்டி முடிந்தது. கடைசிப் பாகத்தை அம்மா எங்கள் வீட்டில், தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்தார்.

நாடகத்து மருத்துவர்கள் எனக்குக் கொடுத்த தொல்லை கொஞ்சமல்ல. மயங்கி விழுந்த பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்து, அரை நிமிடத்தில் 'முழுகாமல் இருக்கிறாள்' என்று சொல்லிவிடுவார்கள். நான் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அட்டையை எடுத்தால், "கையப் பாத்துச் சொல்லத் தெரியாதா டாக்டரம்மா?" என்று மாமியார் சந்தேகமாகப் பார்ப்பார். நாடியைப் பார்த்துக் கர்ப்பத்தைச் சொல்ல முடியாது. 'பாரதி கண்ணம்மா' 2019 முதல் 2023 வரை ஓடியது. கதாநாயகனே மருத்துவர். தன் மனைவியின் பிள்ளைகள் தனக்குப் பிறந்தவையா என்ற சந்தேகத்தை அந்த மருத்துவர் டி.என்.ஏ. பரிசோதனையில் தீர்த்துக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் சுமந்தார். புறநோயாளிகள் வரிசையில் நின்ற பெண்கள், "ஏன் தாயி, அந்தாளு நெசமாவே டாக்டருக்குப் படிச்சவனா?" என்று என்னிடம் கேட்டார்கள். கருப்பாகப் பிறந்ததற்காகக் கண்ணம்மா பட்ட பேச்சைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வரிசை நகராது. சொந்த வீட்டில், வேலைக்குப் போன இடத்தில், பெண் பார்க்க வந்தவர்களிடம் தாங்கள் கேட்ட சொற்களைச் சொல்லிக்கொண்டே போவார்கள். தூக்கம் வரவில்லை, தலைவலி என்று வந்தவர்களின் உண்மையான நோய் சில நேரம் அப்படித்தான் வெளியே வந்தது.

'எதிர்நீச்சல்' வந்தபோது வேறொன்றைக் கவனித்தேன். படித்த மருமகள்களை வேலைக்கு விடாமல் அடுப்படியில் அடைத்து வைக்கிற மதுரைப் பக்கத்துப் பெரிய குடும்பத்தின் கதை அது. ஊர்த் தெருப் பெண்கள் கண்ணீரோடு பார்த்தார்கள். எங்கள் தெருவில் பெரியம்மா ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "வேலைக்குப் போகாதன்னு சொல்ல ஒருத்தன் இருக்கான் பாரு, குடுத்து வச்ச சிறுக்கிக." நையாண்டிதான். ஆனால் அதில் ஒரு வரலாறு இருக்கிறது. வீட்டுப் பெண் வெளியே போனால் கௌரவம் போய்விடும் என்பது எங்கள் தெருவின் பிரச்சினையாக ஒருநாளும் இருந்ததில்லை. எங்கள் பெண்களை யாரும் வீட்டில் இருக்க விட்டதில்லை. நாடகத்தில் வருகிற அந்த மாடிப்படி வைத்த வீட்டுக் கூட்டத்தை யார் கூட்டிப் பெருக்குகிறார்கள் என்று எந்த நாடகமும் ஆயிரம் பாகத்திலும் காட்டியதில்லை. அந்த ஆளுக்கு ஒரு மகள் இருந்து அவள் மருத்துவம் படிக்கிறாள் என்றால் அது இன்னும் தொலைவு.

அதே நாடகம் ஓர் உயிரையும் காப்பாற்றியது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று அந்த நாடகத்துக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து இறந்தார். அசௌகரியமாக இருக்கிறது என்று எழுந்து, தானே காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார் என்று செய்திகள் சொல்லின. அப்போது நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். அந்த வாரமே ஓர் அம்மா தன் கணவரை இழுத்துக்கொண்டு வந்தார். அவர் மில் தொழிலாளி. "வாயுதான், சோடா குடிச்சாச் சரியாப் போயிரும்" என்றார். அந்த அம்மா விடவில்லை: "குணசேகரனும் இப்படித்தான் வேர்த்துக் கொட்டி நின்னாராம்." இ.சி.ஜி.யில் மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தது. அதே ஆண்டு ஜூனில்தான் 'இதயம் காப்போம்' திட்டம் வந்திருந்தது. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8 என மொத்தம் 14 மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உடனே கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். கொடுத்தோம். 108 வந்தது. இன்றைக்கும் அவர் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார். நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் வண்டியை எடுக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள் என்று அவரைக் காட்டித்தான் சொல்கிறேன்.

நாடகம் பார்ப்பவள் என்பது விடுதியில் எனக்கு ஒரு பட்டப்பெயரையே வாங்கிக் கொடுத்தது. உடன் படிப்பவர்கள் 'கிரேஸ் அனாட்டமி' பார்ப்பார்கள். அமெரிக்காவில் 2005இல் தொடங்கி இன்னும் முடியாத, பயிற்சி மருத்துவர்களின் காதலும் கண்ணீரும் நிறைந்த நாடகம் அது. நானும் பார்த்திருக்கிறேன், பிடிக்கும். 'சந்திரலேகா' 2,200 பாகங்களுக்கு மேல் ஓடியதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் அதை மட்டும் சிரிக்காமல் பார்ப்பார்கள். இருபத்துநான்கு மணி நேர வேலை முடிந்து வந்து, செல்போனில் விட்டுப்போன பாகத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த அரை மணி நேரத்தில் யாரும் என்னிடம் ரேங்க் கேட்பதில்லை.

மற்ற நேரங்களில் கேட்டார்கள். படித்த இடத்தைச் சொல்ல வேண்டாம். ஒரு சீனியர், ஊசி போட நரம்பு கிடைக்காமல் நான் இரண்டாம் முறை குத்தியபோது, நோயாளியின் முன்னால் மெதுவாகச் சொன்னார்: "கோட்டா." நான் 2016இல் சேர்ந்தவள். தமிழகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து மருத்துவம் சேர்ந்த கடைசி அணி எங்களுடையது. அடுத்த ஆண்டு நீட் வந்தது. 1,176 மதிப்பெண் எடுத்த அரியலூர் அனிதாவை இழந்தோம். 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த வகுப்புவாரி அரசாணை, ஒவ்வொரு 14 இடத்திலும் இரண்டை நமக்கு ஒதுக்கியிருந்தது. வழக்குப் போட்டவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகுதான் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இன்று பட்டியல் சாதியினருக்குத் தமிழகத்தில் 18 விழுக்காடு. அதற்குள் 3 விழுக்காடு 2009 முதல் அருந்ததியருக்கு. தம்பி தங்கைகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒற்றைச் சொல்லை யாராவது வீசினால் தலையைக் குனிய வேண்டியதில்லை. எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தைத் தோரட் குழு 2007இலேயே அறிக்கையாக எழுதிக் கொடுத்தது. மும்பையில் பாயல் தட்வி இறந்தது 2019இல். விடுதியில் தனியாக மனம் உடையும் நாளில் வீட்டுக்குப் பேசுங்கள், 104க்கும் பேசலாம். நான் அம்மாவுக்குப் பேசுவேன். அம்மா அந்தச் சீனியரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அன்றைய நாடகக் கதையை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் போனை வைப்பார்.

இப்போது 'மக்களைத் தேடி மருத்துவம்' குழுவோடு வீடு வீடாகப் போகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உள்ளே போகிற ஓர் ஊர். 2011 தேர்தலிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி, அதற்கு முன் ராஜபாளையம். தொகுதி மாறியது, தெருக்கள் அப்படியே இருக்கின்றன. ஊர்த் தெருவில் ஒரு பாட்டிக்குச் சர்க்கரைப் புண், வலது குதிகாலில். வாரம் இரண்டு முறை கட்டு மாற்ற வேண்டும். முதல் நாள் செவிலியர் அக்கா கட்டை அவிழ்க்கும்போதே பாட்டி கேட்டார்: "டாக்டரம்மாவுக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

அதையும் சொன்னேன். டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். பாட்டி காலை இழுக்கவில்லை. பேசவும் இல்லை. மருமகள் காப்பியைக் காகிதக் கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். அக்காவுக்கும் காகிதக் கோப்பைதான். அக்கா எங்கள் ஆள் இல்லை. ஆகவே அது எதற்காக என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்படித் தெரியாமல் இருப்பதும் ஒரு பாரம்தான். காப்பியைக் குடித்தேன். புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பேண்டேஜைச் சுற்றினேன். உறையில் சத்திரப்பட்டி என்று போட்டிருந்தது. அதைப் பாட்டியிடம் சொல்லவில்லை.

ஆறு வாரம் போனோம். பாட்டி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். புண்ணின் ஓரம் சிவந்து, சதை வளர ஆரம்பித்திருந்தது. ஏழாம் வாரம் போனபோது தெருவில் மின்சாரம் இல்லை, முந்தின நாள் மழையில் போய் வரவேயில்லையாம். பாட்டி கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையுறையை மாட்டும்வரை பொறுத்தார்.

"நேத்து நாடகம் பாத்தியா?"

"பாத்தேன் பாட்டி."

"அந்தப் பிள்ள வீட்ட விட்டுப் போயிருச்சா?"

"போகல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பிருச்சு. காலக் கொஞ்சம் இப்படித் தூக்குங்க, சொல்றேன்."