அம்பாசடர் ஸ்டியரிங்: பவர் வேணுமா, கிரீஸ் போதுமா?

குளத்தூர்ல எங்க தாத்தாவோட அம்பாசடர் ஒண்ணு நிக்குது. திருச்சி ரோட்ல அறுபதைத் தாண்டினா வண்டி அலையும். எதிர்ல பஸ் வந்தா வயித்தைக் கலக்கும். "பவர் ஸ்டியரிங் போட்டுடலாம் மாப்ள" என்றார் மாமா. நான் வேணாம்னேன்.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூணாவது சீரிஸ்தான் அம்பாசடரின் மூலம். உத்தரபாராவில் 2014 வரை தயாரானது. அதிலிருக்கும் ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங் உண்மையிலேயே நல்ல அமைப்பு. சிக்கல் தேய்மானத்தில். முன் சக்கரம் திரும்புற இடத்தில் மரை போட்ட டிரனியன் இருக்கு. கிரீஸ் வறண்டா மரை தேயும், பிளே வரும். அதுக்கு மேல பவர் ஸ்டியரிங் போட்டா கைக்கு லேசா இருக்கும், பிளே அப்படியே இருக்கும். அதுதான் ஆபத்து.

ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆடுதா? ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்னா வீல் பேரிங். நிக்கலைன்னா டிரனியன் பக்கம் பாருங்க. பக்கவாட்டில் ஆடினா டை ராடு எண்டு மேல சந்தேகப்படலாம்.

அடுத்து டயர். பழைய கிராஸ் பிளையை மாத்தி ரேடியல் போட்டா வண்டி நேரா ஓடும். ஆனா முன்னாடி மட்டும் ரெண்டு ரேடியல் போட்டு காசு மிச்சம் பிடிக்காதீங்க. மழையில வளைவுல பின்பக்கம் வழுக்கிட்டுப் போயிடும். நாலும் ஒண்ணா மாத்தணும். வீல் அலைன்மென்ட் கடைசியில்தான். தேஞ்ச பாகத்தோட செய்றது காசுக்குக் கேடு.

இப்போ எங்க வண்டி நேரா போகுது. ரேடியல் போட்டதால நிறுத்தி எடுக்கும்போது ஸ்டியரிங் முன்னைவிட கனம். மாமா இன்னும் முணுமுணுக்கிறார்.