நார்சிசசின் சுனையும் குசாமாவின் உருண்டைகளும்

தற்செருக்கிற்கு எடுத்துக்காட்டுத் தேடுவோர் பலரும் கிரேக்கக் கதைமாந்தனாகிய நார்சிசசையே சுட்டுவர். உரோமப் புலவர் ஓவிட் 'உருமாற்றங்கள்' என்னும் தம் நூலின் மூன்றாம் பகுதியிற் பாடிய வடிவத்தை ஊன்றிப் படிப்பார்க்கு அக்கருத்து முற்றும் பொருந்தாமை புலனாகும். சுனையிற் கண்டது தன் நிழலென்று அவன் முதலில் அறிந்திலன். பிறனொருவன் என்றே மயங்கிக் காதலிக்கின்றான். தன் உருவே அஃது என்று தெளிந்த பின்னரே அழிவை நோக்கி விரைகின்றான். தன்னை அறியாதிருப்பின் அவன் நெடிது வாழ்வான் என்று குறியுரைப்போனாகிய திரேசியசு முன்னரே கூறியதும் இது கருதியே. வளர்ந்த ஒருவன் மனிதனுக்கும் நிழலுக்கும் வேறுபாடு அறியானோ எனப் பிற்காலத்துப் பௌசானியசு நம்ப மறுத்ததும் இம்மயக்கம் பற்றியே. (அவனைக் காதலித்து வெறுங்குரலாய்த் தேய்ந்த எக்கோவின் கதை தனித்து ஆராய்தற்குரியது.) ஆகவே இக்கதையின் உயிர்நிலை செருக்கன்று, தன்னறிவே என்பது எம் துணிபு.

இதனை அண்மைக்காலத்தில் புதுக்கியவருள் சப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா தலைசிறந்தவர். 1937இல் சால்வடார் டாலி தீட்டிய ஓவியம் பெரும்புகழ் உடையதேனும் கதைமாந்தனை விட்டு அகன்றிலது. குசாமாவோ அவனை அறவே நீக்கினார். 1966இல் வெனிசு நகரத்து ஈராண்டுக் கலைக்காட்சியில், இத்தாலிய அரங்கின் வெளியே, புல்வெளிமீது ஏறத்தாழ 1,500 ஆடிபோன்ற பிளாஸ்டிக் உருண்டைகளைப் பரப்பி, 'நார்சிசசுத் தோட்டம்' எனப் பெயரிட்டார். ஒன்று 1,200 லிரா என விலைகூறி விற்கவும் தலைப்பட்டார். காண்போரின் தற்காதலே விற்பனைக்குள்ளது என்று ஒரு பலகையும் அறிவித்தது. காட்சிப் பொறுப்பாளர் அவ்விற்பனையைத் தடுத்தனர்.

சுனை தட்டையானது, குனிந்தவன் முகத்தையே நிறைத்துக் காட்டும். உருண்டையோ குவிந்த பரப்புடையது. காண்போன் உருவைச் சிறிதாக்கி, வானையும் மரத்தையும் அருகில் நிற்போரையும் உடன் காட்டும். பிறரின்றித் தன்னை மட்டும் காண்டல் ஆண்டு அரிது. இதனினும் நுண்ணியது விலை. ஓவிட்டின் இளைஞன் தன் உருவென்று அறிந்து மாய்ந்தான். வெனிசிலோ தம் உருவென்று அறிந்தே பொருள் கொடுத்து வாங்கினர்.

2018இல் நியூயார்க்கின் ராக்கவே கடற்கரைப் பகுதியில், முன்னாட் படைத்தளம் ஒன்றின் பாழ்பட்ட கட்டடத்தில், 1,500 எஃகு உருண்டைகள் இத்தோட்டமாக வைக்கப்பெற்றன. எஃகு ஒளி மிக்கது, காட்சியும் அழகியது. ஆயின் அவற்றை எவரும் வாங்கிச் செல்லுதற்கு இல்லை. அறிந்தே வாங்குவோன் என்னும் பாத்திரம், குசாமா கதைக்குப் புதிதாய்த் தந்த பாத்திரம், அங்கே இடம்பெறவில்லை.