மானிடவியற் கலாநிதிக் கற்கையும் வினாவின் உரிமையும்

மானிடவியல் ஐரோப்பியக் குடியேற்றவாதத்தோடு உடன்வளர்ந்த அறிவுத்துறையாகும். ஆராய்வோர் ஒரு திசையிலிருந்தும் ஆராயப்படுவோர் மறுதிசையிலிருந்தும் வருவதே அதன் நீண்டகால வழக்கமாயிருந்தது. வேடர் பற்றிச் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலிலும், எட்மண்ட் லீச் 1961இல் வெளியிட்ட ‘புல் எலிய’ என்னும் கிராம ஆய்விலும் இந்நாட்டு மக்கள் தகவல் வழங்குவோராகவே இடம்பெற்றனர். வினாக்கள் வேறிடத்தில் உருவாகியிருந்தன. இந்தப் பின்னணியில் நோக்கும்போது, எமது மாணவர் ஒருவர் மேலைநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் மானிடவியற் கலாநிதிக் கற்கைக்கு விண்ணப்பிப்பது வெறும் படிவம் நிரப்பும் அலுவலன்று. வினா எழுப்பும் உரிமை யாருக்குரியது என்பதே அதனுள் அடங்கியுள்ள பிரச்சினை.

முதலில் நடைமுறையை நோக்குவோம். அமெரிக்க முறையும் பிரித்தானிய முறையும் அடிப்படையில் வேறுபட்டவை. அமெரிக்காவில் விண்ணப்பங்களைத் துறையின் தெரிவுக் குழு பரிசீலிக்கிறது. நோக்க அறிக்கை, எழுத்து மாதிரி, பொதுவாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் ஆகியன கோரப்படும். இறுதித் திகதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அமையும். முதுமாணிப் பட்டம் பல இடங்களிற் கட்டாயமில்லை. ஏறத்தாழ இரண்டாண்டு வகுப்புகள், தகுதிகாண் பரீட்சை, ஓராண்டோ அதற்கு மேலோ நீளும் களஆய்வு, பின்னர் ஆய்வேடு எனக் கற்கை ஆறு ஆண்டுகளையும் கடந்து செல்வதுண்டு. பிரித்தானியாவிலோ முதுமாணிப் பட்டம் பொதுவாக எதிர்பார்க்கப்படும். விரிவான ஆய்வு முன்மொழிவோடு, பொருத்தமான மேற்பார்வையாளரை முன்கூட்டியே அணுகவேண்டும். காலமும் குறைவு: மூன்று அல்லது நான்கு ஆண்டுகள்.

இவ்வேறுபாடு பொருளாதாரத் தன்மையும் உடையது. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் அனுமதியோடு கட்டண விலக்கையும் உதவிப்படியையும் சேர்த்தே வழங்குவது வழக்கம். பிரித்தானியாவில் அனுமதி வேறு, புலமைப்பரிசில் வேறு. அனுமதி பெற்றும் நிதியின்றி நின்றுவிடுவோர் உளர். அமெரிக்க நிலையும் உறுதியானதன்று. பொஸ்டன் பல்கலைக்கழகம் மானிடவியல் உட்படப் பல துறைகளில் 2025ஆம் ஆண்டுக்கான கலாநிதி மாணவர் அனுமதியை நிறுத்திவைத்தமை மனங்கொள்ளத்தக்கது. எனவே ஒரே நாட்டை நம்பியிராது, நிதி உறுதியளிக்கும் இடங்களை முதன்மைப்படுத்தி விண்ணப்பித்தலே விவேகமானது.

எனினும் விண்ணப்பத்தின் உயிர்நிலை ஆய்வு வினாவிலேயே தங்கியுள்ளது. பொருளையும் வினாவையும் ஒன்றெனக் கருதுவது எம்மிடையே பரவலாகக் காணப்படும் குறைபாடு. ‘மலையகத்திற் காமன் கூத்து’ என்பது ஒரு பொருள் மாத்திரமே. தோட்ட நிருவாகம் தொழிலாளரின் பொழுதைக் கணக்கிட்டு ஆளும் சூழலில், மாசி மாதத்தில் நாட்கணக்காக நிகழும் ஒரு சடங்குக்கான நேரத்தை அவர்கள் எவ்வாறு மீட்டெடுக்கின்றனர் என்று கேட்கும்போதே அது வினாவாகிறது. முன்னையது தரவை வழங்க முன்வருகிறது. பின்னையது உழைப்பு, காலம், அதிகாரம் பற்றிய கோட்பாட்டு விவாதத்திற் பங்குகொள்கிறது. தெரிவுக் குழு தேடுவது பின்னையதையே.

இலங்கையிற் பிறந்த அறிஞர் மூவரின் பணி இதனைத் தெளிவுபடுத்தும். 1954இல் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற எஸ். ஜே. தம்பையா, தாய்லாந்தின் பௌத்தத்தையும் அரசையும் தமது பெரும் ஆய்வுக்களமாக்கினார். சொந்த நாட்டை மாத்திரமே எமது மாணவர் ஆராயவேண்டும் என்ற எழுதாச் சட்டம் அங்கு பொருளிழந்தது. கணநாத் ஒபயசேகர 1992இல் வெளியிட்ட நூலில், ஹவாய் மக்கள் கப்டன் குக்கைத் தெய்வமாகக் கொண்டனர் என்ற கதை ஐரோப்பியர் படைத்த புராணமே என வாதிட்டார். மார்ஷல் சாலின்ஸ் 1995இல் ஒரு முழு நூலாலேயே அதற்கு மறுப்புரைத்தார். சிக்காகோவிற் பயின்ற வலன்டைன் டானியல் 1984இல் வெளியிட்ட நூலில், தமிழ்நாட்டுக் களஆய்வின் வழி ‘ஊர்’ என்ற சொல்லை ஆராய்ந்தார். கிராமம் நிருவாகம் வரைந்த எல்லையை உடையது. ஊரோ பேசுபவரைச் சார்ந்து பொருள் கொள்வது. நாளாந்த வழக்கிலுள்ள ஒரு தமிழ்ச்சொல், மனிதருக்கும் மண்ணுக்குமுள்ள உறவு பற்றிய பொதுவினாவாக உயர்ந்தமை இங்கு கவனத்திற்குரியது.

தமிழ்மொழி மூலம் கற்றோர் தமது நிலையைக் குறைபாடாகக் கருதவேண்டியதில்லை. களத்தின் மொழியை உள்ளிருந்து அறிந்திருத்தல் இத்துறையிற் பெருமூலதனம். ஆயினும் தமிழில் எழுதிய ஆய்வேட்டை அப்படியே மொழிபெயர்த்து எழுத்து மாதிரியாக அனுப்புதல் போதாது. அதன் ஓர் இயலைத் தேர்ந்து, ஆங்கிலத்தில் ஒரு வாதமாக மீள எழுதுதல் வேண்டும். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர்க்கும் ஒரு பொறுப்புண்டு. ‘நன்னடத்தையுடையவர், கடின உழைப்பாளி’ என்ற நற்சான்று இங்கு பயன்தராது. மாணவர் எந்த நூலோடு முரண்பட்டார், எந்தத் தரவை எவ்வாறு விளக்கினார் என்பதைச் சுட்டும் இரண்டு வாக்கியங்கள் அதனிலும் வலிமையுடையன.

கலாநிதிக் கற்கை தனிமனித முன்னேற்றத்துக்கான ஏணியாகவும் அமையலாம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் தோட்டத்திலும் கரையோரத்திலும் வாழும் மக்களின் அனுபவம் பிறர் கோட்பாடுகளுக்கு மூலப்பொருளாக மாத்திரம் ஏற்றுமதியாகும் நிலை நீடித்தல் ஆகாது. அந்நிலையை மாற்றும் முயற்சி, ஒரு மாணவர் தமது நோக்க அறிக்கையின் முதற் பந்தியில் எழுதும் வினாவிலேயே தொடங்கிவிடுகிறது.