கைதட்டும் முன் சற்று நிதானியுங்கள்



நம்மைப் பழிக்கும் பேச்சு எழுந்தால் ஆதாரம் எங்கே என்று கேட்கிறோம். நமக்கு இனிக்கும் பேச்சாக இருந்தாலோ கைதட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். இது நேர்மையான அளவுகோல்தானா?

2019 மே 12 அன்று, அரவக்குறிச்சி இடைத்தேர்தலுக்காகப் பள்ளப்பட்டியில் பேசிய மக்கள் நீதி மய்யத் தலைவர் கமல்ஹாசன், சுதந்திர இந்தியாவின் முதல் தீவிரவாதி ஓர் இந்து என்றும், அவர் பெயர் நாதுராம் கோட்சே என்றும் கூறினார். முஸ்லிம்கள் மிகுந்த பகுதி என்பதற்காகச் சொல்லவில்லை, காந்தி சிலையின் முன் நின்று சொல்கிறேன் என்றும் குறிப்பிட்டார். நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. காவல்துறை வழக்கும் பதிந்தது. நம்மவருள் பலர் உள்ளூர மகிழ்ந்தனர். அந்தப் பேச்சைச் சொல் சொல்லாக உரசிப் பார்ப்போமா?

கொன்றவன் கோட்சே என்பதில் ஐயமில்லை. 1948 ஜனவரி 30 மாலை, டெல்லி பிர்லா மாளிகையில் பலர் கண்ணெதிரே அவன் சுட்டான். செங்கோட்டையில் நடந்த விசாரணையின் முடிவில் 1949 பிப்ரவரி 10 அன்று நீதிபதி ஆத்மா சரண் அவனுக்கும் நாராயண் ஆப்தேவுக்கும் மரண தண்டனை விதித்தார். அவ்வாண்டு நவம்பர் 15 அன்று இருவரும் அம்பாலா சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

‘முதல்’ என்னும் சொல் நிற்காது. 1947 ஆகஸ்டுக்குப் பின் பஞ்சாபிலும் டெல்லியிலும் ஓடிய இரத்தத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? ஏன், அதே பிர்லா மாளிகையில் 1948 ஜனவரி 20 அன்றே மதன்லால் பாவா குண்டு வெடித்தானே!

‘இந்து’ என்னும் சொல் உண்மைதான். ஆனால் கொல்லப்பட்டவரும் இந்துதானே! அதே மாதம் 13 முதல் 18 வரை டெல்லி முஸ்லிம்களின் பாதுகாப்புக்காகவும் சமூக ஒற்றுமைக்காகவும் உண்ணாநோன்பிருந்தவர் அவர். தீர்ப்பளித்த நீதிபதியும் இந்துவே.

கொலை நடந்த மாலையில் கொலையாளி ஓர் இந்து என்று வானொலி அறிவித்தது உண்மை. பழி முஸ்லிம்கள் மீது விழுந்து கலவரம் மூளாதிருக்க அன்று அது தேவைப்பட்டது. ஒரு சமூகத்தின் மேல் விழவிருந்த பொய்ப்பழியைத் துடைக்கவே மதம் சொல்லப்பட்டது. இன்னொரு சமூகத்தின் மேல் பழியை ஏற்றுவதற்கு அதையே சொன்னால் அது வேறு செயல்.

நம் மேடைகளிலும் ஒரு கதை உலவுகிறது. கோட்சே தன் கையில் ‘இஸ்மாயில்’ என்று பச்சை குத்தியிருந்தானாம். தீர்ப்பில் அப்படி ஒரு முடிவு இல்லை. தப்பி ஓடாமல், நீதிமன்றத்தில் தானே சுட்டதாக ஒப்புக்கொண்டு, இந்து நலனின் பெயரால் வாதாடியவனுக்கு அந்த வேடம் எதற்கு? வந்த செய்தியை விசாரித்துத் தெளிந்துகொள்ளுமாறு ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நமக்குச் சாதகமான செய்திக்கு அதில் விலக்கு ஏதும் இல்லையே!

2019 மே 20 அன்று கமல்ஹாசனுக்கு முன்ஜாமீன் வழங்கிய உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, குற்றவாளியை மதம், சாதி, இனம் கொண்டு அடையாளப்படுத்துவது வெறுப்பை விதைக்கும் என்று சுட்டிக்காட்டியது. எங்கோ குண்டு வெடித்தால் நம் சமுதாயம் முழுவதையும் கூண்டில் ஏற்றுகிறார்களே என்று நாம் வருந்துகிறோம். அந்த வருத்தம் நியாயமென்றால் மதுரையில் சொல்லப்பட்ட இந்தச் சொல் நமக்கும் பொருந்தும்.

எங்கள் காந்தலில் குருசடித் திருத்தலமும் கோயிலும் பள்ளிவாசலும் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. நாளை இங்கு ஒரு குற்றம் நடந்தால், செய்தவன் யார், என்ன செய்தான், சாட்சி என்ன என்று கேட்க நம் பிள்ளைகளைப் பழக்குவோம். அவன் எந்த மதம் என்ற கேள்வி அவர்கள் நாவில் முதலாவதாக எழாதிருக்கட்டும்.