மாதிரி ரயிலில் சக்கரமும் பாதையும்

பள்ளி அறிவியல் கழகங்களில் மாதிரி ரயில் சிறந்ததொரு கற்பிக்கும் கருவியாகும். ஆயினும், வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட வண்டிகளை ஒரே பாதையில் ஓட்டும்போது, நேர்ப்பாதையில் செம்மையாக ஓடும் வண்டி, பாதை கிளைக்கும் இடத்தில் மட்டும் தடம் புரள்வதுண்டு. பாதையின் அகலம் ஒன்றாயிருந்தும் இவ்வாறு நேர்வது ஏன்?

எச்.ஓ. எனப்படும் மாதிரி, மெய்யான ரயிலில் 87-இல் ஒரு பங்கு. ஓ.ஓ. எனப்படும் பிரிட்டிஷ் மாதிரி 76-இல் ஒரு பங்கு. இவ்விரண்டும் 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையிலேயே ஓடுகின்றன. ஆனால் பாதையின் அகலம் ஓர் அளவு மட்டுமே. ஓர் இருசிலுள்ள இரு சக்கரங்களின் உட்பக்கங்களுக்கிடையே உள்ள தூரம், விளிம்பின் ஆழம், சக்கரத்தின் அகலம் ஆகிய மூன்றும் பாதையோடு பொருந்துதல் வேண்டும்.

பாதை கிளைக்குமிடத்தில், விளிம்பு கடந்து செல்வதற்காகத் தண்டவாளத்தில் ஓர் இடைவெளி விடப்பட்டிருக்கும். அவ்விடத்தில் சக்கரம் வழிதவறாதிருக்க, எதிர்ப்புறத் தண்டவாளத்தை ஒட்டி ஒரு காப்புத் தண்டவாளம் அமைக்கப்படுகிறது. அது எதிர்ச் சக்கரத்தின் உட்பக்கத்தைப் பற்றி, இருசு முழுவதையும் தன் பக்கம் இழுத்து வைக்கும். உட்பக்கத் தூரம் குறைந்தால் சக்கரம் காப்புத் தண்டவாளத்தின்மேல் ஏறும். மிகுந்தால் மறுபுற விளிம்பு கிளையின் கூர்முனையில் மோதும். விளிம்பு மிக ஆழமாயின், உயரம் குறைந்த தண்டவாளத்தைப் பிணைக்கும் ஆணிகளின் தலையில் உராயும். சக்கரம் மிகக் குறுகியதாயின் இடைவெளிக்குள் விழும்.

மெய்யான அளவுகளை 87-ஆல் வகுத்துவிட்டால் போதாதா? 1435 மி.மீ. பாதையில் உட்பக்கத் தூரம் 1360 மி.மீ.; வகுத்தால் ஏறக்குறைய 15.6 மி.மீ. ஆயினும் எச்.ஓ. சக்கரங்களில் அது ஏறக்குறைய 14.4 மி.மீ. மட்டுமே. மாதிரிப் பாதையின் வளைவுகள் மிகக் கடுமையானவை. செய்முறையில் நேரும் சிறு பிழைகளையும் 87 மடங்கு சுருக்க இயலாது. ஆதலின் விளிம்பும் சக்கரமும் சற்றுப் பருமனாகவே அமைகின்றன.

இக்குழப்பத்தை நீக்கப் பொது அளவுகள் தோன்றின. அமெரிக்காவில் 1935-இல் மில்வாக்கி நகரில் தேசிய மாதிரி ரயில் சங்கம் நிறுவப்பட்டது. அதன் 25-ஆம் பரிந்துரை சக்கரத்தின் வடிவை வரையறுக்கிறது. இதில் 110 என்னும் எண், சக்கரத்தின் அகலம் அங்குலத்தின் ஆயிரத்தில் 110 பங்கு, அதாவது 2.79 மி.மீ. என்பதைக் குறிக்கும். 88 என்னும் எண்ணுடையது 2.24 மி.மீ. அகலமுள்ளது, பார்வைக்கு மெய்ச்சக்கரத்தை இன்னும் நெருங்கியது. ஐரோப்பாவில் 1954-இல் அமைந்த மொரோப் என்னும் கூட்டமைப்பு, நெம் எனப்படும் அளவுகளை வகுத்தது.

வண்டி தடம் புரளின், பாதையைக் குறைகூறுமுன் நழுவுமானியால் உட்பக்கத் தூரத்தை அளத்தல் நன்று. அளவு குறைந்தாலோ மிகுந்தாலோ, உலோக இருசில் பொருத்திய சக்கரத்தை மெல்லத் திருகி நகர்த்தித் திருத்தலாம். பின்னர், சக்கரம் ஆட்டமின்றிச் சுழல்கிறதா எனவும் பார்த்தல் வேண்டும்.

இவ்விதி விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. இந்திய அகலப் பாதையின் அகலம் 1676 மி.மீ.; அதில் ஓடும் சக்கரங்களின் உட்பக்கத் தூரம் 1600 மி.மீ. பெரிய ரயிலையும் சிறிய ரயிலையும் தடத்தில் நிறுத்துவது இத்தகைய அளவொற்றுமையே என்பதை மாணவர் தம் கையால் அளந்தே அறியலாம்.