சாணத்தில் வாழும் சிற்றீக்கள்

ஆடித் திங்களில் அந்தியூர்க் குருநாதசுவாமி திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில், குதிரைகளையும் பர்கூர் மலையின் செந்நிற மாடுகளையும் காணத் திரள்வோர் பலர். அவற்றின் காலடியில் கிடக்கும் சாணத்தை நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுகிறோம். சற்றே குனிந்து நோக்கின், அங்கே ஓர் உலகம் இயங்கக் காணலாம்.

சில மில்லிமீட்டர் நீளமே உடைய கரிய ஈக்கள் அதில் ஊரும். அறிவியலார் இவற்றை ஸ்பெரோசெரிடே என்னும் குடும்பத்தில் அடக்குவர். பின்காற் பாதத்தின் முதற்கணு குறுகித் தடித்திருப்பதே இவற்றை அறியும் அடையாளம். வீட்டு ஈயினின்றும் இவை வேறு. ஆயினும் நம் வழக்கில் எல்லாம் ‘ஈ’தான்! இவற்றின் புழுக்கள் சாணத்து நுண்ணுயிர்களை உண்டு வளர்கின்றன. சாணவண்டுகளோ சாணத்தையே மண்ணுக்குள் இறக்குகின்றன.

ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர் கொண்டுசென்ற மாடுகளின் சாணத்தை அந்நாட்டு வண்டுகள் பெரிதும் தீண்டவில்லை. அது காய்ந்து மேய்ச்சல் நிலத்தை மூடியது. தொல்லை தரும் ஈக்கள் பெருகின. போர்னமிசா என்னும் அறிஞரின் முயற்சியால் 1960களின் இறுதியில் அயல்நாட்டு வண்டுகளை விட வேண்டியதாயிற்று.

குடற்புழு நீக்க இடும் ஐவர்மெக்டின் மருந்தின் பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறி, அங்கு வளரும் ஈ, வண்டுகளின் இளம்புழுக்களை மாய்க்கிறது. மருந்தே வேண்டாமென்பது நம் கருத்தன்று. புழுவால் மெலிந்த கன்றைக் கண்டவர் அவ்வாறு கூறார். தேவைப்படும் மாட்டிற்கு, மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். மந்தை முழுமைக்கும் ஒரே நாளில் ஊசி போடுவதே நம்மை அஞ்சச் செய்கிறது.